சுழலும் சிறுநீரகம்

ஜார்ஜ்டவுன் டயாலிசிஸ் மையத்தின் இணையதளத்துக்கு
முகப்பில் ஒரு சிறுநீரகம் செய்தேன்.
விரல் பட்டால் சுழலும்.
சிவப்பு உள்ளே போய் நீலமாய் வெளியே வரும்.
காட்டியபோது டாக்டர் ஊய் எழுந்து நின்றார்.
"இருபது மெகாபைட்" என்றாள்
சோதனை பார்க்கும் யாழரசி.
"அழகுக்கு எடை போடுகிறாயா?" என்றேன்.

அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறியதும்
கீறல் விழுந்த தன் போனை நீட்டினாள்.
சிக்னல் ஒரு கோடு.
"சின்னம்மாவுக்கு நாளைக்கு எத்தனை மணி?
பார்த்துச் சொல்."

வட்டம் சுற்றியது.
கரை நகர்ந்தது.
கொம்தார் பெரிதாகிக்கொண்டே வந்தது.
வட்டம் சுற்றியது.
பக்கத்தில் ஒருவர் நாசி லெமாக் பொட்டலம் பிரித்துத்
தின்று, மடித்து, கையும் துடைத்துவிட்டார்.
சிறுநீரகத்தின் ஓரம் மட்டும் வந்தது,
அரைப் பலாக்கொட்டை மாதிரி.
கயிறு வீசினார்கள்.
பினாங்கு வந்துவிட்டது. நேரம் வரவில்லை.

"போன் பண்ணிக் கேட்டுவிடலாம்" என்றேன்.
"நம்பர்?"
நம்பர்
சிறுநீரகத்துக்குப் பின்னால் இருந்தது.

இப்போது முகப்பில் வெள்ளையில் கறுப்பாய்
நான்கே வரி.
நேரம். நம்பர். வேன் நிற்கும் இடம்.
சாப்பிடாமல் வர வேண்டாம் என்று ஒன்று.
தொட்டதும் திறக்கிறது.
டாக்டர் ஊய்க்கு முகம் விழுந்துவிட்டது;
பாதிக் காசுதான் தந்தார்.

எனக்கும் வருத்தம்தான்.
என் மடிக்கணினியில் அது இன்னும் இருக்கிறது.
சில இரவுகளில் திறந்து
சுற்றிவிட்டுப் பார்ப்பேன்.
யாருடைய ரத்தமும் சுத்தமாவதில்லை.
அழகாகத்தான் இருக்கிறது.