பத்து கிலோவுக்குக் கீழே

புதுவயல் ஆலையொன்றில்
எடைமேடைச் சீட்டு எழுதுகிறேன்.
வீட்டுக்குத் திரும்பியதும் முதல் காரியம்
சேலையைக் கொல்லைக் கொடியில் உதறிப் போடுவது.
தவிடு போகத் தலைக்கு இரண்டு செம்பு.
அதற்குப் பிறகுதான் குவிண்டாலைத் தொடலாம்.

குவிண்டால் என்பது முயல்.
கறிக்கென்று நிறுத்துக்கொண்டிருந்தவனிடம்
அப்படியே கொடு என்று கேட்டு வாங்கியது.
அன்றைக்கு அதன் எடை
இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.

தும்மல் என்று முதலில் தெரியவில்லை.
அடுத்த அறையில் யாரோ
நமுத்த தீக்குச்சியை உரசுவது போலிருந்தது.
சளி ஒழுகுவதும் தெரியவில்லை;
முன்னங்கால்களால் துடைத்துத் துடைத்து
அது மறைத்துவிடுகிறது.
பாதங்களின் உட்பக்கம் மயிர்
கஞ்சி போட்ட துணியாய் விறைத்திருந்ததைத்
தொட்ட பிறகுதான் பிடிபட்டது.

காரைக்குடி கால்நடை மருத்துவமனையில்
எனக்கு முன்னால் ஒரு சினைப்பசு,
ஒரு மஞ்சுவிரட்டுக் காளை.
காளைக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்து
"இதுக்கெல்லாமா டோக்கன்?" என்றார்.
டாக்டர் நூர்நிஷா சிரிக்கவில்லை.
மாட்டு நெஞ்சுக்குப் பழகிய ஸ்டெதாஸ்கோப்
முயலின் பாதி விலாவை மூடியது.
நெடுநேரம் கேட்டார்.
மூன்று வாரத்துக்கு மருந்து எழுதினார்.
பென்சிலின் வகை எதையும் வாய்வழியே
யார் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள்,
குடல் தாங்காது.

சரியாகிவிடுமா என்றேன்.

"போகாது. அடங்கும்.
மறுபடி கிளம்பும், மறுபடி அடக்கணும்."
பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:
"உங்களுக்கு எத்தனை நாளா இந்த இருமல்?"

நான் முயலுக்குத்தான் வந்தேன் என்றேன்.

சாம்பிராணி நிறுத்தியாயிற்று.
கொசுவர்த்தியும். கொசுக்கள் என் பொறுப்பு.
புல்லை அலசி ஈரத்தோடு போடுகிறேன்.
கூண்டுத் தாளைக் காலையும் மாலையும் மாற்றாவிட்டால்
மூத்திர நெடி அதன் மூக்கை அரித்துவிடும்.
துண்டில் சுற்றி மடியில் இறுக்கி
முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே இருக்கிற சந்தில்
ஊசி கழற்றிய குழலால்
சொட்டு சொட்டாக மருந்து.
எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு பின்கால் வெளியே வந்துவிடும்.
என் முழங்கையில் நாலு கோடு பார்த்து
கணக்குப்பிள்ளை வள்ளியப்பன்
"பூனையா?" என்றார்,
பதிலுக்கு நிற்கவில்லை.

எதிர்வீட்டு அல்போன்சுக்கு இப்போது இழுப்பு இல்லை.
அவனுடைய நெபுலைசரை அவன் அம்மா கொடுத்தாள்.
கூடைமேல் துணி மூடி
பத்து நிமிடம் உப்புநீர்ப் புகை.
முதல் நாள் காதுகளை மடக்கிக்கொண்டு
என்னை மன்னிக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.
இப்போது மோட்டார் சத்தம் கேட்டால்
தானே கூடைக்குப் போகிறது.

நேற்று மாதாந்திர மின்தடை.
ஐந்துக்கு வரவேண்டிய கரண்ட் ஒன்பதாகியும் வரவில்லை.
குவிண்டால் தலையை அண்ணாந்து
மூச்சைத் தேடிக்கொண்டிருந்தது.
சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டி
ஆலைக்கே போனேன். அங்கே ஜெனரேட்டர் உண்டு.
எந்தத் தூசியிலிருந்து அதை மறைத்தேனோ
அதே தூசிக்கு நடுவில், கேபின் கதவைச் சாத்தி,
புகை போட்டேன்.
இரவுப் பணிக் கருத்தப்பாண்டி
தன் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு இறங்கியது. காதுகள் தளர்ந்தன.
கதவைத் திறந்த நொடியில்
துள்ளி ஓடி
மேடை நடுவில் போய் நின்றது.
அறுபது டன் தாங்குகிற இரும்பு.
கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் அசையவில்லை,
எல்லாம் சுழியம்.
பத்து கிலோவுக்குக் கீழே எதையும்
அது மதிப்பதில்லை.
நெல்லோடு வந்த மன்னார்குடி லாரி
ஹாரன் அடிக்காமல் விளக்கைத் தணித்து நின்றது.

ஈரப்பதம் பார்க்கும் நெல்லை நிறுக்கிற
சின்னத் தராசில் தூக்கி வைத்தேன்.
ஆயிரத்து எழுநூற்று எண்பது.
போன வாரத்துக்கு இருபது கிராம் கூடுதல்.
பழைய சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டேன்,
தேதியோடு, தும்மல் எண்ணிக்கையோடு.

நாலு. அதில் ஒன்று என்னுடையது.

கருத்தப்பாண்டி லாரிக்குக் கையசைத்தார்.