முடிச்சில்லாத இடம்

குருநகரில வலைச்சாமான் விக்கிற கடையில
ரெண்டு பாகம் நைலோன் கயிறு வாங்கி
ஐஞ்சு முடிச்சுப் போட்டனான்.
முடிச்சுக்கு ஒரு பிள்ளை.
முன்னுக்கு டிலக்சி, நாலரை வயசு, வாய்க்காரி.
அடுத்தது லதுர்சன்.
நடுவில ரெட்டையள், அபிராவும் அபிசனும்,
ஒராள் இருமினால் மற்றாள் தும்முவர்.
கடைசி முடிச்சு எனக்குக் கிட்ட, யூட்.
ரெண்டு வயசும் ஒரு மாசமும்.
நடக்கிறதை விட நிக்கிறதிலதான் அவனுக்கு விருப்பம்.

வெளிக்கிட முதல்
ஒவ்வொரு இடது கையிலயும் நீலப் பேனையால
என்ர நம்பர்.
பேர் எழுதிறேல்லை.
பேர் சொல்லிக் கூப்பிடுறவன் எல்லாரையும்
மாமா எண்டு பிள்ளை நினைக்கும்.
தண்ணிப் போத்தல், மாத்துக் காற்சட்டை,
லதுர்சன்ர இழுப்புக்குப் பம்ப்.
கச்சான் கொண்டு போறேல்லை, தொண்டையில இறுகும்.

சுண்டிக்குளியில இருந்து பழைய பூங்காவுக்கு
பெரியாக்களுக்கு ஏழு நிமிசம்,
எங்களுக்கு முப்பத்தைஞ்சு.
வழியில ஒரு செத்த ஓணான்.
மதிலால எட்டிப் பாக்கிற நாய்க்கு
ஐஞ்சு தரம் வணக்கம்.
கண்டி வீதியில மினிபஸ்காரன்
ஹோன் அடிச்சுக்கொண்டே வாறான்.
றோட்டு நடுவில நிண்டு கையை நீட்டினன்.
என்ர நெஞ்சு அடிச்சதைக்
கயிறு பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கும்.
அவன் நிப்பாட்டினான்.
யூட் அவனுக்கு டாட்டா காட்டினான்.

ஊஞ்சலுக்கு முதல் எண்ணினன், ஐஞ்சு.
சறுக்கிக்குப் பிறகு, ஐஞ்சு.
இடிஞ்ச கச்சேரிச் சுவர்ப் பக்கம்
போகவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டும் எண்ணினன்.
கண்ணால இல்லை, தலையைத் தொட்டு:
வேர்த்த தலை, எண்ணெய்த் தலை,
நேத்திக்கு மழிச்ச மொட்டை ரெண்டு,
ஒரு தொப்பி.

திரும்பி வெளிக்கிடேக்க
பிடிச்சாச்சோ எண்டு கேட்டுத்
தலையைத் தொட்டன்.
ஆறு.

எண்ணிக்கை குறைஞ்சால் என்ன செய்யிறதெண்டு
இந்த ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.
கூடினால்?

மொட்டை ரெண்டுக்கும் நடுவில,
முடிச்சில்லாத இடத்தைப் பிடிச்சுக்கொண்டு
ஒரு சிவப்புச் சேட்டு.
"பேர் என்ன அப்பு?"
"பிஸ்கட்" எண்டான்.
கையைத் திருப்பிப் பாத்தன், வெறுங்கை.
நுளம்பு கடிச்ச தடம் மட்டும்.

தூக்கேல்லை.
தூக்கினால் நான் ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?
எல்லாரையும் அப்பிடியே நிலத்தில இருத்திப்போட்டுக்
காவலாளியைக் கூப்பிட்டன்.
அவர் வர முதல் அவ வந்திட்டா,
ஒரு காலில செருப்பில்லை.
"என்ர பிள்ளையை எங்கயடி கொண்டு போறாய்?"
சனம் திரும்பிச்சு.
ஒருத்தன் போனைத் தூக்கினான், படம் எடுக்க.
நான் வாய் திறக்க முதல் டிலக்சி எழும்பி
"நாங்கள் கொண்டு போகேல்லை,
அவர்தான் எங்களைப் பிடிச்சவர்" எண்டாள்.

தாய் புல்லில இருந்திட்டா.
போனில ஒரு மெசேச் பாத்தவவாம். ஒண்டே ஒண்டு.
ஓம் எண்டன்.
எனக்குத் தெரியும் அந்த ஒண்டை.
போன மாசியில, பண்ணைக் கடற்கரையில,
நாலு எண்டு எண்ணிப்போட்டு நான் நிண்ட
ஒண்டரை நிமிசத்தை
இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.
அவவுக்கும் சொல்லேல்லை.
கயிறு அதுக்குப் பிறகுதான் வாங்கினது.

பேனையைக் குடுத்தன்.
மகன்ர கையைப் பிடிச்சு எழுதத் தொடங்கினா,
பூச்சியம், ஏழு, ஏழு, மூண்டு...
பாதியில நிண்டு என்னைப் பாத்தா.
தன்ர நம்பர் மறந்துபோச்சு.

வீட்டை வந்து சேர முதல் பதினொரு தரம் எண்ணினன்.
பின்னேரம் கடைசியா யூட்டின்ர தேப்பன் வந்தார்.
பிள்ளைக்கு ஹெல்மெட் எங்க எண்டு சண்டை பிடிச்சுத்தான்
அனுப்பினன்.
கேற்றைப் பூட்டினன். ஒருத்தருமில்லை.
அதுவும் சரியான கணக்குத்தான்.

கயிற்றை ஆணியில கொழுவேக்க பாத்தன்,
முடிச்சில்லாத அந்த இடத்தில
பிஸ்கட் ஒட்டியிருந்தது.
எறும்பு வரத் தொடங்கீட்டுது.