பதினான்கு தசம் இரண்டு

நூறு அலகு வாங்குகிறது நகரசபை.
எண்பத்தைந்து தசம் எட்டுக்குத்தான் காசு வருகிறது.
மிச்சம் எங்கே என்று கேட்டார்
கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்,
குளிரூட்டியைப் பதினெட்டில் வைத்துவிட்டு.

அறிக்கையில் அதற்குப் பெயர் இழப்பு.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
யாரும் நூற்றுவீதத்தில் சொல்வதில்லை.
நான் சொன்னேன்.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

மறுசீரமைப்பு எண்டா என்ன, மிஸ்?
கேட்டவர் ஜலால்தீன், மானி வாசிப்பவர்.
பாலையூற்றிலிருந்து திருக்கடலூர் வரை
எந்த வீட்டு நாய் கடிக்கும்
எது குரைப்பதோடு நிற்கும் என்று
கையேட்டின் பின்னட்டையில் குறித்து வைத்திருப்பவர்.
கதிரைகளை இடம் மாற்றுவது, என்றேன்.
எத்தனை கதிரை மிஞ்சும்?
தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ, என்றேன்.

பதினொரு பேர்.
'மேலதிக ஆளணி' என்ற நிரலில்
பெயர் கேட்கவில்லை, ஊழியர் இலக்கம் போதுமாம்.
0417 என்று தட்டும்போது
சூறாவளிக்கு மறுநாள்
மட்டிக்களிக் கம்பத்தின் உச்சியிலிருந்து
'இப்பப் போட்டுப் பாருங்கோ!' என்று கத்திய
தவரூபனின் குரல் வந்தது.
அழித்தேன். திரும்பவும் தட்டினேன்.

பிறகு இழப்பைத் தேடி இரவில் போனோம்,
மின்மாற்றி மின்மாற்றியாக.
உட்துறைமுக வீதியில் ஒன்று.
போவதும் வருவதும் ஒட்டவில்லை.
யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள் என்றார்கள்.
சந்தேகப் பட்டியல்
வழக்கம்போல மீனவர் வீடுகளில் தொடங்கிற்று.

பேரின்பம் என்ற பெண்
வலைநூல் சுற்றிய விரல்களால்
சீனி டின்னைத் திறந்து
ஆறு மாதப் பில்களையும் விரித்துக் காட்டினாள்.
எல்லாம் கட்டியிருந்தது.
ஒன்று மட்டும் மூன்று நாள் பிந்தி.
அதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

ஜலால்தீன்தான் கம்பியின் பின்னால் போனார்,
கழுத்தை அண்ணாந்து, டோர்ச் வெளிச்சத்தில்.
மான்கள் நடுவீதியில் படுத்திருந்தன,
அவற்றைச் சுற்றி நடந்தார்.
கம்பி ஒரு மதிலைத் தாண்டியது.
ஒரு வேம்பை உரசியது.
எங்கள் கந்தோர்க் கூரைக்குள் போனது.

மானி இல்லை.
கட்டிய நாளிலிருந்தே இல்லை.
எங்களுக்கு நாங்களே பில் எழுதுறதோ என்று
எவரோ எப்போதோ சிரித்திருப்பார்.
ஏழு குளிரூட்டி, கூட்ட மண்டபம்,
மாடியில் பூட்டிய அறைக்குள்
யாருமே திறக்காத ஒரு குளிர்சாதனப் பெட்டி,
இரவு முழுக்க
பதினெட்டுப் பாகையில் வெறுங்கதிரைகள்.

ஆலோசகரிடம் சொன்னேன்.
சுவாரசியம்தான், பின்னிணைப்பில் போடலாம் என்றார்.

அச்சடித்த முதற்பிரதியை
வாகனத்தின் பொனட்டில் வைத்துவிட்டு
அவர் போன் பேசிய நேரம்
கொம்பன் மானொன்று வந்து
நிறைவேற்றுச் சுருக்கத்தைத் தின்றது.
நிதி அட்டவணையை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பதினொரு பேரில் ஒன்பது பேர்
அந்தச் சிரிப்பில் நின்றார்கள்,
தாங்கள் பதினொருவர் என்று தெரியாமல்.
மென்பிரதி இருக்கிறது, என்றார் அவர்.

கந்தோருக்கு இப்போது மானி உண்டு.
மாதக் கடைசியில் ஜலால்தீன் வந்து வாசித்தார்,
வெளியாள் மாதிரி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
பில்லைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.
அடுத்த மாதம் முதல்
மானிகள் தம்மைத் தாமே வாசிக்கும்.
அவருக்கு அது தெரியும்.
நாய் இல்லை, என்று மட்டும்
பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.

குளிரூட்டியை நிறுத்திவிட்டு
வியர்வையோடு கூட்டிப் பார்க்கிறேன்.
பதினொன்று தசம் ஆறு.
மிச்சம் பிடித்த காசில்
மூன்று இலக்கங்களை நிரலிலிருந்து எடுக்கலாம்.

எந்த மூன்று என்று
காலை ஒன்பது மணிக்கு முன்
அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.