இருபத்தைந்து டன்

சுங்காய் ஆலையின் எடைமேடையில்
பதினான்கு வருடமாய் எனக்கு வேலை.
லாரி ஏறும்போதே ஸ்பிரிங் தாழ்வதைப் பார்த்துச் சொல்வேன்:
பதினெட்டு டன், கொஞ்சம் குறைச்சல்.
திரை சொல்லும், பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிலோ.
"யோகமலர் அக்கா, நீங்க நாலு நம்பர் எழுதலாம்"
என்பான் அர்ச்சுனன், கண்ணாடியை இறக்கி.

நான் எழுதுவது அது இல்லை.
இரவு ஒன்பதுக்கு,
பள்ளிச் சட்டைகள் இஸ்திரி போட்ட பலகையில்
போனைச் சாய்த்து வைத்து
மெழுகுவர்த்திகளை எண்ணுகிறேன்.
பச்சை. பச்சை. சிவப்பு.
உடல் சின்னது, மேலே திரி நீளம்:
ஏற ஆசைப்பட்டு இறங்கி வந்த நாள் என்று பொருள்.
கரண்ட் போனால் மட்டும் தேடுகிற சாமானுக்கு
இவ்வளவு ஜாதகம் உண்டென்று யார் கண்டது?

ஆதரவுக் கோடு: மூன்று முறை விழுந்து
மூன்று முறையும் எழுந்த இடம்.
எதிர்ப்புக் கோட்டுக்கு நோட்டில் விளக்கம் எழுதவில்லை.
மாடி ஆபீசின் கண்ணாடிக் கதவை
தினமும் பார்க்கிறேனே.

தலையும் தோள்களும் என்று ஒரு வடிவம்.
ஒரு வாரம் தேடியும் அகப்படவில்லை;
பிறகு எங்கு பார்த்தாலும் அதுதான்,
பசியாற வரிசையாய் உட்கார்ந்த
மூன்று மண்டோர்களில்கூட.

அப்புறம் ஆப்ஷன்.
லேப் நவநீதன் காண்டீன் டிஷ்யூவில் எழுதிக் காட்டினான்:
உரிமை உண்டு, கடமை கிடையாது.
தே ஓ ஆறும் வரை அந்த வரியையே பார்த்தேன்.
எனக்குப் பழக்கமெல்லாம் அதன் மறுபக்கம்.
இப்படி ஒன்றைக் காசுக்கு விற்கிறார்கள்!

ஒரு ஒப்பந்தம் இருபத்தைந்து டன் எண்ணெய்.
அதாவது ஒரு டாங்கர்,
நான் ரசீது கிழித்து அனுப்புகிற அதே டாங்கர்,
ஹைவே பக்கம் திரும்பும்வரை பின்விளக்கு தெரியுமே, அது.
டன்னுக்கு முப்பத்தாறு வெள்ளி, ஆகத் தொள்ளாயிரம்.
கூட்டு எடுத்த பணம்.
விலை இறங்கும் என்று ஒரு புட்.

ஏன் இறங்காது?
அந்த மாதம் செம்பனை கொட்டியது.
லாரி வரிசை முனீஸ்வரர் கோயில் வளைவுவரை நின்றது.
திரையிலும் வலது தோள் சரிந்தது.
கண் பார்த்ததையும் கோடு சொன்னதையும்
ஒன்றாகக் கட்டித் தலைக்கு வைத்துத் தூங்கினேன்.

ஜொகூரில் மழையாம்.
தோட்டங்களில் முழங்காலளவு தண்ணீர்.
காலையில் விலை நூற்றிருபது மேலே.
என் வாசல் வரிசையைச் சந்தை
எப்போதோ பார்த்து முடித்துவிட்டு
வேறு பக்கம் திரும்பியிருந்திருக்கிறது.

அதன்பிறகு தேய்மானம்.
யாரும் தொடாமலே ஒவ்வொரு இரவும் எடை குறைந்தது,
ஈரக் குலை வெயிலில் கிடப்பதுபோல.
"வித்துடுங்க, இருநூறாவது மிஞ்சும்" என்றான் நவநீதன்.
விற்கவில்லை.
உரிமையை வைத்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது.

காலாவதி ஒரு திங்கட்கிழமை. சத்தமே இல்லை.

செவ்வாய் காலை, பழக்க தோஷத்தில்,
ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாள் எடுத்து எழுதினேன்:
உள்ளே வந்தபோது தொள்ளாயிரம்.
வெளியே போகும்போது சைபர்.
ஆலைக் கணக்குப்படி
இறக்கிய சரக்கு தொள்ளாயிரம்.
யார் முற்றத்தில் இறங்கியது என்று குறிக்க
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அர்ச்சுனன் ஹார்ன் அடித்தான்.
ஸ்பிரிங் தாழ்ந்தது.
"இருபதுக்கு மேல," என்றேன்.
இருபதாயிரத்து நாற்பது.