நடந்து காட்டுங்க

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருசம்.
முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாய்
பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பாகப்பத்திரம்,
பதினேழு பங்காளிக்கும் பதினேழு பிரதி.
அதே கண்ணாடிமேல் அடுத்த தாள்:
கணவன் இல்லை, நிலம் இல்லை,
வேறு வாரிசு யாரும் இல்லை.
ஊரில் இல்லாததையெல்லாம்
பக்கம் இரண்டு ரூபாய்க்கு
சூடாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

என்னுடையதை எடுத்ததில்லை.

மூன்று வயதுக் காய்ச்சல்
இடது காலைத் தொட்டுவிட்டுப் போனது.
இடது கையால் தொடையை அழுத்தினால்
முட்டி மடங்காது, நடக்கலாம்.
அழுத்துவது தெரியாமல் அழுத்த
ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு பூராவும்
வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன்.
இப்போது சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வது போல இருக்கும்.
"அடைக்கலமேரிக்கு ரொம்பக் கூச்சம்,
எந்நேரமும் சேலையை இழுத்து விடுறா"
என்பார்கள்.
நான் மறுத்ததில்லை.

சிவகங்கை முகாமில் டாக்டர் சொன்னார்:
நடந்து காட்டுங்க.

பத்தடி.
வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூன்று பேர் பார்க்க
என் வாழ்நாளிலேயே அழகாக நடந்தேன்.
முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதினார்.
நாற்பது வேண்டும்.

இரண்டு சதவீதம் நன்றாக நடந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்
காளையார்கோவில் தாண்டியும் நின்றுகொண்டே வந்தேன்.
யாரும் எழுந்து இடம் தரவில்லை.
அவர்களைச் சொல்லி என்ன?

"அடுத்த தடவை விழுந்து காட்டு" என்றார் முதலாளி.
மூன்று சக்கர வண்டியில்
பிரதியெடுக்க வந்திருந்த பஞ்சவர்ணம்,
என்னைவிட நாலு வயசு சின்னவள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
"விழவெல்லாம் வேணாம்க்கா.
நடிக்கிறத நிறுத்துனா போதும்."
அவள் போனபிறகு
எட்டு தாள் தலைகீழாய் வைத்து எடுத்துவிட்டேன்.

மேல்முறையீடு.
ஆதாரில் அடைக்கல மேரி இரண்டு சொல்,
குடும்ப அட்டையில் வெறும் அடைக்கலம்.
மூன்று பேரும் ஒருத்திதான் என்று எழுதி வாங்க
வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நாலு நடை.
இ-சேவையில் சர்வர் இல்லை.
திங்கட்கிழமை மனு.
மறு திங்கட்கிழமை அதே மனுவின் பிரதி
(அதற்கு மட்டும் செலவில்லை).

இரண்டாம் முறை
ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது அடியில் முட்டி தன் இஷ்டத்துக்கு மடங்கியது.
தரையெல்லாம் நானும் என் சான்றிதழ்களும்.

இந்த டாக்டர் சின்னப் பெண்.
குந்தி உட்கார்ந்து தாள்களைப் பொறுக்கினாள்.
"எப்பவும் இப்படியா?"
"இல்லங்க. எப்பவும் கையை வச்சுப் பிடிச்சுக்குவேன்."
"எங்கே, வைங்க."
வைத்துக் காட்டினேன்.
அம்மாவுக்குக்கூடக் காட்டாதது.
"அப்ப இந்தக் கையையும் எழுதணுமே" என்று
எழுதினாள்.
ஐம்பத்திரண்டு.

பஸ்ஸில் அழுகை வந்தது.
சந்தோசம்தான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்,
அது பாதி நிஜம்.

அட்டை வந்த அன்று
கடை திறந்ததும் முதல் பிரதி எனக்கு.
என் முகத்துக்கு அடியில் வெளிச்சம்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
மெதுவாக ஓடியது.
கல்லாவில் இரண்டு ரூபாய் போட்டேன்.

முதல் மாதப் பணம் எடுக்க
வங்கிக்குள் நுழைந்தபோது
பழக்கதோசம், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டே போய்ச்
சின்ன வரிசையில் நின்றேன்.
"இது மாற்றுத்திறனாளிங்க வரிசைம்மா,
அங்கிட்டுப் போங்க" என்றார் காவலாளி.

அட்டையை நீட்டினேன்.
அட்டையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
மறுபடி அட்டையைப் பார்த்தார்.

அவ்வளவு நன்றாக நடந்திருக்கிறேன்.