பத்து மாவுங் சேறு

படகுத்துறையில்
மைலோ டின்னில் அள்ளிய சேறு.
அமிலத்தில் கொதித்ததும்
பச்சை போயிற்று, நாற்றமும்.
மிஞ்சியது ஒரு சிட்டிகை வெண்பொடி.

நுண்ணோக்கியின் கீழே
ஒவ்வொரு துகளும் சல்லடை.
வரிசை தப்பாத துளைகள்.

இந்த வரிசைக்காகத்தான்
பாயான் லெப்பாஸ் ஆலையில்
தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு
இரவு ஷிப்டில் நிற்கிறான் தவசீலன்.
ஒரு தும்மலுக்குப் பயந்த அறை.
பாசிக்கோ
சாக்கடை கலந்த கடலும்
கொஞ்சம் வெயிலும் போதும்.

என் பங்கு,
அந்தக் கண்ணாடிக்கு ஒரு மேற்பூச்சு,
ஈயத்தை மட்டும் பிடித்துக்கொள்ள.
மூன்று முறை துளை அடைத்துக்கொண்டது.
நான்காம் முறை, விடியற்காலை நாலரைக்கு,
பிடித்தது.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்.
உடுப்பைக் கழற்றிய பிறகு, ஏழு மணிக்கு,
"சாப்பிட்டியா?" என்றான்.

டின்னின் அடியில் மிச்சச் சேறு.
நான் திருத்தாத ஏதோ ஒன்று
அதில் இன்னும்
இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது.