பெருக்கிய சதுரம்

மார்ச் மாதத்து பைக்கால்.
ஏரி என்று சொன்னால் ஸோரிக்தோ முறைப்பான்.
"கடல்" என்று திருத்துவான்,
அதன்மேலேயே வேனை ஓட்டியபடி.

எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே
எண்பது சென்டிமீட்டர் பனிக்கட்டி.
கண்ணாடி மாதிரி என்பார்கள்.
இல்லை, இத்தனை விரிசலைக் கண்ணாடி தாங்காது.
இரவெல்லாம் வெடித்துக்கொண்டே இருக்கும்;
விடிந்து பார்த்தால்
நின்ற இடத்திலேயே நிற்போம்.

துளையிட்டு, கயிற்றில்
இரண்டு புட்டிகளை இறக்குகிறேன்.
ஒன்று வெறும் கண்ணாடி.
மற்றதற்குக் கறுப்புத் துணி.
துணி போன வாரம் கிழிந்துபோனது;
இப்போது என் கம்பளிக் காலுறைதான்
அதற்கு இருட்டு.

இரண்டிலும் ஒரே தண்ணீர்,
ஒரே பாசி.
கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா ஓட்டுக்குள்
பழுப்புப் பொன் பூசிக்கொண்டு
பச்சையத்தை ஒளித்து
ஒளிக்குக் காத்திருக்கிறது.

ஒரு பகல் போதும்.
வெளிச்சத்தில் இருந்தது மூச்சைச் சேர்த்து வைத்திருக்கும்.
காலுறைக்குள் இருந்தது
இருந்த மூச்சையும் தின்றிருக்கும்.
அதிலிருந்து இதைக் கழித்தால்
அன்று வெயில் சமைத்தது எவ்வளவு என்று தெரியும்.

வேனுக்குள் சின்ன அடுப்பு, தேநீர், என் சோதனை.
மாவுக்கரைசல் விட்டதும் நீலம்.
நீலம் போகும்வரை
சொட்டுச் சொட்டாக எண்ணுவேன்.
உருளைக்கிழங்கு மாவுதான் அது:
எந்த வயலிலோ ஓர் இலை விழுங்கிய கோடை
இந்த மார்ச்சின் வெயிலுக்குச் சாட்சி சொல்கிறது.

ஸோரிக்தோவுக்கு எண்கள் வேண்டாம்.
"நெர்பாவுக்கு எட்டுமா?" என்பான்.
எட்டும்.
பாசியைப் பொடியுயிர் தின்னும்,
அதை அதைவிடச் சற்றே பெரிய பொடியுயிர்,
அதைச் செதிலில்லாத எண்ணெய் மீன்,
மீனைக் கடல்நாய் நெர்பா.
"அப்படியானால் என் அப்பன்
நெர்பாக் கொழுப்பில் விளக்கேற்றியது?"
"வெயில்தான். கொஞ்சம் பழசு."
நம்பவில்லை. தேநீரை ஊதிக் குடித்தான்.

வெள்ளிக்கிழமை புதுப்பனி,
ஒரு சாண் ஆழத்துக்கு.
கீழே பகல் அணைந்தது.
அன்று இரண்டு புட்டிகளுக்கும் பேதமே இல்லை,
யாரோ கடல் முழுவதற்கும்
என் காலுறையை மாட்டிவிட்டாற்போல.

மறுநாள் விழித்தால் வேனில் ஆளைக் காணோம்.
வெளியே, துளையைச் சுற்றி,
துடைப்பமும் கையுமாக.
தாடியில் உறைந்த மூச்சு.

"அறுநூறு கிலோமீட்டர் நீளம் உன் கடல்.
நீ பெருக்கியது ஒரு வேன் நிற்கிற இடம்."

நிமிரவில்லை.
"வேனும் எங்காவது நிற்கணுமே."

என் அளவையைக் கெடுக்கிறாய்,
இயற்கை நிலை போய்விட்டது என்றெல்லாம் கத்தினேன்.
பிறகு, வேறு வழியில்லாமல்,
புட்டிகளை இறக்கினேன்.
அவன் பெருக்கிய சதுரம்
கீழிருந்து பார்த்தால்
எப்படித் தெரிந்திருக்கும்?
தெரியாது. பாசிக்குக் கண்ணில்லை.

மாலையில், நீலம் போக
ஏழு சொட்டு கூடுதலாய்ப் பிடித்தது.
நம்பாமல் இன்னொரு முறை செய்தேன். ஏழுதான்.

குறிப்பேட்டில் தேதி, ஆழம், வெப்பநிலை.
கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்:
பெருக்கப்பட்டது.

அவன் ஏற்கெனவே உறங்கியிருந்தான்.
காலுறையைப் புட்டியிலிருந்து உருவிப் பிழிந்து
அடுப்பருகே போட்டேன்.
காலையில் காலில் மாட்டியபோதும்
பெருவிரல் பக்கம் இன்னும் ஈரம்.